தட்டு வைத்து அழைக்கும் முறை

உட்காருங்கள் ஐயா, தாராளமாக உட்காருங்கள். அந்த இருக்கைக்கு உரியவர் இன்னும் வரவில்லை. வருவாரா என்பதும் இந்த நிமிடம் வரை முடிவாகவில்லை. உரியவர் என்று நான் மரியாதையாகக் குறிப்பிடுவது என் மனைவி மரகதத்தை. பயணச்சீட்டு இருவருக்கும் சேர்த்தே எடுக்கப்பட்டது. நான் ஏறிவிட்டேன். அவள் இந்தத் தூத்துக்குடியில் எங்கோ இருக்கிறாள். எங்கோ என்பது பிழை, எங்கே என்று எனக்கு மிக நன்றாகத் தெரியும். வண்டி புறப்பட இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. நீங்கள் எதுவரை? ஈரோடா? நல்லது. நியாயம் கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்தார்.

என் பெயர் அரங்கநாயகம். ஊர் கோத்தகிரி. தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடிக்கு முப்பத்தோராண்டு மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. எங்கள் கிளை நூலகத்தின் நூல்கள் அனைத்தையும் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை வரிசையாகப் படித்து முடித்தவன் நான் ஒருவனே. நூலகர்கூடப் படித்ததில்லை. நாளேடுகளின் வாசகர் கடிதப் பகுதியில் என் பெயரை நீங்கள் கண்டிருக்கக் கூடும். கண்டதில்லையா? இருக்கட்டும். உங்கள் ஊர்ப் பதிப்பில் விளம்பரம் அதிகம், அறிவுக்கு இடம் குறைவு.

திருச்செந்தூரில் ஒரு நேர்த்திக்கடன். என் முழங்கால் வலிக்காக மரகதம் வேண்டிக்கொண்டது. அதை முடித்துக்கொண்டு இன்று காலை பத்து மணிக்கு இவ்வூரில் வந்து இறங்கினோம். வண்டியோ மாலை ஐந்தேகாலுக்கு. இடையில் ஏழு மணி நேரம் கையில் இருக்கிறது. அறிவுள்ளவன் என்ன செய்வான்? ஊரைப் பார்ப்பான். அதற்கென்று நூலகத்திலிருந்து ஒரு நகர வழிகாட்டியை எடுத்து, பார்க்கவேண்டிய இடங்களைக் குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று ஒதுக்கி, நகலும் எடுத்து வைத்திருந்தேன்.

மரகதத்துக்கு வேறு எண்ணம் இருந்தது. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அவளுடைய மூத்த சகோதரி நீலாவதி இந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். என் மாமனார் தபால் துறையில் ஊர் ஊராக மாற்றலாகிச் சென்றவர். மூத்தவளைக் கடலோரத்திலும் இளையவளை மலையிலும் கொடுத்துவிட்டுத் தாம் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காலையில் பேருந்தில் வரும்போதே மரகதம் தொடங்கினாள். "என்னங்க, அக்காவுக்குக் கண்ணு மங்கிட்டே வருதாம். இன்னும் ரெண்டு மூணு மாசந்தான் மொகம் தெரியும்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஒரே ஒரு தடவ என்னையப் பாத்துக்கட்டுமே."

"காது கேட்கிறதல்லவா?" என்றேன். "தொலைபேசி எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தர்க்கம் சரியாக இருக்கும் இடத்தில் மறுமொழி வராது.

நான் ஏன் தடுத்தேன் என்று கேட்பீர்கள். கேட்கவில்லையா? கேட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திருமணத்துக்கு ஒருவரை எப்படி அழைக்கவேண்டும்? உங்கள் ஊரிலும் இதே முறைதான் இருக்கும். நேரில் வரவேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம், அவற்றின்மேல் பத்திரிகை. வீட்டுக்குரிய கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்க, அவர்கள் கையில் தட்டைக் கொடுத்து, வாயால் அழைக்கவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது அழைப்பல்ல.

நீலாவதியின் கணவர், அதாவது என் மூத்த சகலை, சுயம்புலிங்கம் என்று பெயர். ஐஸ் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தவர். மீன்களைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது அன்னாரின் வாழ்நாள் தொண்டு. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தம் மகள் திருமணத்துக்கு அழைக்க அவர் மலையேறி வந்தார். வந்ததை நான் மறுக்கவில்லை, நான் நியாயமானவன். கடல்மட்டத்து மனிதர் அல்லவா, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் பிடித்தபடி எங்கள் முன்னறையில் வந்து சுருண்டு உட்கார்ந்தார். அந்நேரம் நான் உள்ளறையில், பொதுக் குழாய்களின் அருகே துணி துவைப்பது பற்றி நாளேட்டுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பத்தி. எழுதுகிறவர்களுக்குத் தெரியும், மூன்றாம் பத்தி நிறுத்தக்கூடிய இடமல்ல. "இதோ வந்துவிட்டேன்" என்று இருமுறை குரல் கொடுத்தேன். மூன்றாம் முறை குரல் கொடுத்தபோது ஆளில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதாம். தட்டை மரகதத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்கிறீர்களா? மிஞ்சிப் போனால் ஒன்றரை மணி நேரம். அந்தப் பொறுமைகூட இல்லாதவர் பெண்ணைப் பெற்றிருக்கலாமா?

கணவன் வீட்டுக்குள் இருக்கும்போது மனைவி கையில் மட்டும் கொடுத்துவிட்டுப் போவதற்குப் பெயர் அழைப்பல்ல ஐயா, தபால். நான் போகவில்லை. மரகதத்தையும் அனுப்பவில்லை. அந்த வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை, அங்கே ஒரு வாய் நீரும் அருந்துவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் மரகதம் ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அவளுடைய கருத்தும் என் கருத்தே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, ஊருக்கு வருகிறேன். பேருந்து நிலைய வாசலில் ஓர் ஆட்டோவை அமர்த்தினேன். ஓட்டுநர் பெயர் லிகோரி. நாற்பது வயது இருக்கும். "எங்க போணும் அண்ணாச்சி?" என்றான். குறிப்பேட்டைத் திறந்து முதல் இடத்தைப் படித்தேன்: முத்துக் குளிக்கும் துறை, இருபத்தைந்து நிமிடம்.

அவன் மரகதத்தைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணாச்சி, அது எங்க தாத்தா காலம். இப்ப எவன் முத்துக் குளிக்கான்? வீட்ல குளிக்கவே தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கத்தான் வருது."

"நூலில் இருக்கிறது" என்றேன்.

"எந்த வருசத்து நூலு?"

பாருங்கள், ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு நூலின் ஆண்டு எதற்கு? நான் அவன் ஆட்டோவின் ஆண்டைக் கேட்டேனா?

குடிநீர் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினேன். மரகதம் அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தினாள். என்ன பேச்சு என்றேன். "வெயில் எப்பவும் இப்படித்தானான்னு கேட்டேங்க" என்றாள். வெயிலைப் பற்றி வாயால் விசாரிக்கும் நிலையில் நாங்கள் இல்லை, அது தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. இலையை வாட்டுவதென்றால் எங்கள் மாடியில் விசிறி வைத்து, புரட்டிப் போட்டு, கையால் பிடித்துப் பார்த்து, பதினாறு மணி நேரம் பாடுபடுவோம். இவ்வூரார் எந்த முயற்சியும் இன்றி மனிதனை இரண்டு மணி நேரத்தில் அதே பக்குவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இந்தத் திறமைக்கு இவர்கள் ஏற்றுமதி உரிமம் வாங்கலாம்.

லிகோரி முதலில் கடலைக் காட்டினான். "இதான் அண்ணாச்சி" என்றான். நீர் இருந்தது. அதற்கப்பாலும் நீரே இருந்தது. முத்துக்குளிப்பவர் எவரையும் காணவில்லை. மதிய உணவுக்குப் போயிருப்பார்கள் என்று எண்ணினேன். ஒதுக்கியிருந்த இருபத்தைந்து நிமிடமும் நின்று பார்த்தேன், ஏனெனில் நான் ஒழுங்குள்ளவன். மரகதம் ஆட்டோவிலேயே இருந்துவிட்டாள்.

அங்கிருந்து மாதா கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு குறுகிய தெரு வந்தது. ஒரு வீட்டு வாசலில் பெரிய வாதாமரம், அதன் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் ஒரு மூதாட்டி. அவ்விடத்தில் லிகோரி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டான்.

"ஏன் மெதுவாகப் போகிறாய்?"

"ஸ்பீடு பிரேக்கர் அண்ணாச்சி."

சாலை என் உள்ளங்கையைப்போலச் சமமாக இருந்தது. நான் சொல்லவில்லை. வந்த இடத்தில் எதற்கு வம்பு?

மாதா கோயிலைப் பார்த்தோம். நன்றாகக் கட்டியிருக்கிறார்கள். அடுத்தது உப்பளம். ஆட்டோ திரும்பியது, வளைந்தது, மீண்டும் அதே தெரு, அதே வாதாமரம்.

"இந்த வழியில்தானே சற்றுமுன் வந்தோம்?"

"ஒன்வே அண்ணாச்சி. எங்க போனாலும் இதுல வந்துதான் போணும்."

எங்கள் மலையில் இருப்பதே ஒரு சாலை. அதில் நாங்கள் மேலேயும் போகிறோம், கீழேயும் வருகிறோம். இவர்கள் இத்தனை சாலைகளைப் போட்டுவிட்டு எல்லாரையும் ஒரே தெருவுக்குள் தள்ளுகிறார்கள். மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவதற்குக் குறிப்பெடுத்தேன். அந்த நேரத்தில் மரகதம் தலையை வெளியே நீட்டி, நாற்காலியில் இருந்த மூதாட்டியைப் பார்த்துச் சிரித்தாள். கையைக்கூட ஆட்டினாள். அந்த அம்மாள் நேராக எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சிரிக்கவில்லை, தலையசைக்கவில்லை, ஒன்றுமில்லை. விருந்தினரைக் கண்டு புன்னகைக்கத் தெரியாத ஊர் என்று அதையும் குறித்துக்கொண்டேன். மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புழுதி அதிகம்.

மூன்றாம் முறை அதே தெருவுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டரை. வாதாமரத்தடியில் வந்ததும் ஆட்டோ இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. லிகோரி இறங்கி, பின்பக்கத்தைத் திறந்து, ஒரு கம்பியைத் தொட்டு, உதட்டைப் பிதுக்கினான்.

"சூடு ஏறிட்டு அண்ணாச்சி. ஆறணும்."

"எவ்வளவு நேரம்?"

அவன் மரகதத்தைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். "சாயந்தரம் நாலு நாலரை ஆவும்."

அது என் சகலையின் வீடு என்று எனக்கு அப்போது தெரியாது. திருமணத்துக்கே போகாதவனுக்கு வீடு எப்படித் தெரியும்? லிகோரிக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஏழு மணி நேரம் தங்கும் ஊரில், இருக்கிற தெருக்களை எல்லாம் விட்டுவிட்டு இந்த வாசலில்தான் ஓர் எந்திரம் பழுதாகவேண்டுமா? தற்செயல் என்பது சில நேரம் மனிதனைவிட அதிகமாகத் திட்டமிடுகிறது.

"தண்ணி குடிச்சிட்டு வர்றேங்க" என்று மரகதம் இறங்கினாள். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை இருக்கையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

"யாரு?" என்றார் அந்த மூதாட்டி.

"நாந்தான்க்கா. மரகதம்."

அந்த அம்மாள் எழுந்தார். எழுந்தவர் மரகதத்தின் தாடையைப் பிடித்து, மூக்கோடு மூக்கு முட்டும் அளவுக்கு இழுத்து, மரத்தடியிலிருந்து வெயிலுக்குத் திருப்பினார். நகைக்கடையில் கல்லைப் பார்ப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. "மரகதம்!" என்று அழைத்தேன். அவள் திரும்பவில்லை. இருவரும் உள்ளே போய்விட்டார்கள். வெயிலில் காது அடைப்பது இயற்கை.

நான் இறங்கவில்லை. நின்றுபோன ஆட்டோவில், குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, ஆட்டோக்குள்ள ஒருத்தரு பிள்ளையாரு மாரி உக்காந்துருக்காரு பாரு."

"தள்ளிவிட ஆளு வேணுமோ என்னமோ."

"வண்டியவா, அவரையா?"

இவ்வூர்ப் பெண்களின் நாவன்மையைப் பற்றி வழிகாட்டி நூலில் ஒரு வரியும் இல்லை.

பின்னர் சுயம்புலிங்கம் வெளியே வந்தார். எழுபத்தாறு வயது. தோளில் துண்டு. பத்தொன்பது ஆண்டுகளில் மிகவும் வற்றியிருந்தார். ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"வாங்க சகல. எறங்கி உள்ள வாங்க."

"நான் பயணத்தில் இருக்கிறேன்" என்றேன்.

"வண்டி நிக்குல்லா?"

"நின்றாலும் அது வாகனமே."

அவர் லிகோரியைப் பார்த்தார். லிகோரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இன்னும் அந்தப் பழைய கோவந்தானா சகல? அன்னைக்கு எனக்குத் தல சுத்திட்டு. பஸ்ஸும் போயிரும். என்ன செய்ய? நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

"மனத்தின் அளவு பற்றிய கேள்வி அல்ல இது. முறை பற்றியது. என்னை அந்த வீட்டுக்குள் அழைப்பதானால் தட்டு வைத்து, முறைப்படி, நேரில் அழைக்கவேண்டும்."

"வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட இப்ப வீட்ல விசேசம் ஒண்ணும் இல்லியே. பேத்திக்குக் கல்யாணம்னா இன்னும் எட்டு வருசம் கெடக்கு. அதுவரைக்கும் ஆட்டோலயா இருப்பிய?"

எதிர்வீட்டில் சிரிப்பு. நான் பொருட்படுத்தவில்லை. சுயம்புலிங்கம் உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் ஒரு தட்டோடு வந்தார். எவர்சில்வர் தட்டு, பித்தளை அல்ல, அதையும் பொறுத்துக்கொண்டேன். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், குங்குமச் சிமிழ். பத்திரிகை இருக்கவேண்டிய இடத்தில் இன்றைய தேதித்தாளைக் கிழித்து வைத்திருந்தார். தெருவின் நடுவில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அச்சடித்ததைப் படிப்பதைப்போலச் சொன்னார்:

"நிகழும் மங்களகரமான இன்னைக்கு மத்தியானம் ஒண்ணரை மணிக்கு, எங்க இல்லத்துல நடக்கப்போற சோறு, சாம்பார், அவரைக்காப் பொரியலு, அப்பளத்துக்கு, தாங்கள் தங்கள் குடும்பத்தோட வந்து இருந்து சாப்ட்டு, எங்கள கௌரவப்படுத்தணும்னு கேட்டுக்கிடுதேன்."

தெரு முழுவதும் சிரித்தது. லிகோரி திரும்பி நின்று தோள் குலுங்கினான். இது பணிவா, கேலியா என்று நான் கூர்ந்து ஆராய்ந்தேன். அவர் மட்டும் சிரிக்காமல் தட்டை நீட்டியபடியே நின்றார். அந்த வயதில் சிரிப்பு வற்றிவிடுவது இயல்பே.

உள்ளதைச் சொல்கிறேன் ஐயா, என் ஒரு கால் ஆட்டோவுக்கு வெளியே வந்துவிட்டது. ஆனால் மறு கணமே முறை நினைவுக்கு வந்தது. கணவன் மட்டும் நின்று பெற்றால் அதுவும் அரை அழைப்புத்தானே? பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட்டு, அவரைக்காய்ப் பொரியலுக்காக அதை மாற்றுவதா? பனிக்கட்டிதான் வெயிலுக்கு உருகும், கொள்கை உருகக் கூடாது.

"என் துணைவியாரும் அருகில் நின்று பெறவேண்டும்" என்றேன்.

சுயம்புலிங்கம் வாசல் பக்கம் திரும்பி, "ஏ மரகதம், ஒரு நிமிசம் வெளிய வாம்மா" என்று கூப்பிட்டார்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. உரக்கச் சொல்லவில்லை, எனினும் தெருவுக்கே கேட்டது.

"அக்கா என்னையப் பாத்துக்கிட்டு இருக்கா மாமா. இப்ப எந்திரிக்க முடியாது."

சிரிப்பு நின்றுவிட்டது. எதிர்வீட்டுப் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். சுயம்புலிங்கம் தட்டோடு அப்படியே நின்றார். பிறகு அதை லிகோரியின் இருக்கைமேல் வைத்துவிட்டு, வீட்டுக்குள் போனார். கவனித்தீர்களா? மறுபடியும் வைத்துவிட்டுப் போகிற அதே பழக்கம்.

ஆட்டோவிலிருந்து பார்த்தால் அந்த வீட்டு சன்னல் தெரியும். வேண்டுமென்று பார்க்கவில்லை, கழுத்து அந்தப் பக்கமாகத்தான் திரும்பியது. இரண்டு பேரும் சன்னலோரத்து வெளிச்சத்தில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் பார்த்துக்கொண்டிருந்தார். இளையவள் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். அரைமணி நேரத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசக் காணோம். பேசாமல் உட்கார்ந்திருப்பதற்காக ஒருவர் இன்னொருவர் வீட்டுக்குப் போகவேண்டுமா? அந்த வசதி எங்கள் வீட்டிலேயே உண்டு.

இரண்டு மணி அளவில் லிகோரி ஒரு தூக்குப்போணியும் வாழையிலையும் கொண்டுவந்தான். "எங்க வீட்டுச் சாப்பாடு அண்ணாச்சி" என்றான். மனிதன் நல்லவன், மறுக்கவில்லை. மீன்பிடிக் குடும்பத்து வீட்டுச் சாப்பாடு, மீன் வாடையே இல்லை, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். அந்த ரசத்தைப் பற்றி மட்டும் சொல்லியே தீரவேண்டும். மிளகைத் தட்டிப் போட்டு, பூண்டைத் தோலோடு நசுக்கி, அப்படியே மரகதம் வைக்கிற ரசம். மலைக்கு அப்பால் இப்படி ஒரு ரசம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "உன் மனைவிக்கு என் பாராட்டைச் சொல்" என்றேன். "சொல்லிருதேன் அண்ணாச்சி. கேட்டா சந்தோசப்படுவாவ" என்று வீட்டுப் பக்கம் பார்த்தபடி சொன்னான்.

நாலரை மணிக்கு அவனை உள்ளே அனுப்பினேன். "வண்டிக்கு நேரமாகிவிட்டது, வரச்சொன்னேன் என்று சொல்." போனான். வந்தான். தலையைச் சொறிந்தான்.

"என்ன சொன்னாள்?"

"தப்பா நெனைக்கக் கூடாது அண்ணாச்சி. உங்க வீட்டு அக்கா சொன்னத அப்படியே சொல்லுதேன். இப்ப வரமாட்டாவளாம். அவுகளக் கோத்தகிரிக்குக் கூப்பிடணும்னா நீங்க நேர்ல வந்து, தட்டு வச்சு, முறையாக் கூப்பிடணுமாம். ஆள் விட்டுக் கூப்ட்டா அது அழைப்பு இல்லியாம்."

"அவளா சொன்னாள்?"

"அவியதான். சிரிச்சுக்கிட்டு இல்ல அண்ணாச்சி. சும்மா, சாதாரணமாத்தான் சொன்னாவ."

நாற்பத்து நான்கு ஆண்டு மணவாழ்க்கை ஐயா. இவளுக்கு இப்படி ஒரு வாக்கியம் அமைக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. பிழையில்லாத வாக்கியம். நான் எழுதியிருந்தாலும் ஒரு சொல்லை மாற்றியிருக்க முடியாது.

"வண்டியை எடு" என்றேன். நான்கு மணி நேரம் உயிரற்றுக் கிடந்த ஆட்டோ ஒரே இழுப்பில் கிளம்பியது. வெயில் தாழ்ந்தால் எல்லாம் சரியாகும் என்றான். ஒருவழிப் பாதை விவகாரமும் வெயிலோடு தாழ்ந்துவிட்டது போலும், ஆறே நிமிடத்தில் நேராக நிலையத்துக்கு வந்துவிட்டோம். இறங்கும்போது, "வண்டி கெளம்புற வரைக்கும் இந்தா இந்த வேப்பமரத்துக்கிட்டதான் நிக்கேன் அண்ணாச்சி" என்றான். எதற்கு என்றேன். "சும்மாதான். ஒரு சவாரி கெடைக்கும்னு தோணுது." தொழில் செய்கிறவர்களுக்கு இப்படிச் சில மூடநம்பிக்கைகள் உண்டு.

என்ன ஐயா, சிரிக்கிறீர்களா? இருமலா? சரி.

போனால் போகட்டும், பத்து நாளில் தானே வருவாள் என்றுதான் ஏறி உட்கார்ந்தேன். வீட்டில் எனக்கு ஒரு சிரமமும் இராது. அரிசி எந்த டப்பாவில், இரத்த அழுத்த மாத்திரை காலையா மாலையா, இவை போன்ற சில்லறைச் செய்திகள்தான் தெரியாது. அவை நூலில் கிடைப்பவை அல்ல. ஆனால் பத்து நாளில் அவள் தானே வந்துவிடும் குரலா அது? "சாதாரணமாத்தான் சொன்னாவ" என்றானே, அந்தச் சொல்தான் உறுத்துகிறது. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கவலைப்படமாட்டேன்.

இப்போது உங்களிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் ஒன்று தெளிவாகிறது. நேரில் வந்து முறையாக அழைக்கவேண்டும் என்கிறாள். அதுதானே என் கட்சி? பத்தொன்பது ஆண்டுகளாக நான் சொல்லிவந்ததை அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள். இது என் வெற்றி. வெற்றி பெற்றவன் ஏன் இந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கவேண்டும்?

வாசற்படியை மிதிப்பதில்லை என்றேனே என்கிறீர்களா? அழைக்கப் போகிறவன் தெருவில் நின்று அழைக்க முடியாது ஐயா. உள்ளே போகவேண்டும், உட்காரவேண்டும், அவர்கள் கொடுக்கும் நீரை அருந்தவேண்டும், அதன்பிறகே தட்டை நீட்டவேண்டும். அது முறை. முறைக்காக என் முடிவைத் தளர்த்துகிறேனே தவிர, யாருக்காகவும் அல்ல. ஒற்றையாளாக அழைக்கப் போவதும் வழக்கமில்லை, துணைக்கு ஒருவர் வேண்டும். லிகோரி இருக்கிறான். தட்டும் பழமும் வழியில் வாங்கிக்கொள்ளலாம், பித்தளையிலேயே வாங்குவேன். தட்டு வைத்து அழைப்பது என்றால் என்ன என்று அந்த வீட்டாருக்கு ஒருவர் செய்து காட்டத்தானே வேண்டும்? தூத்துக்குடியில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஒலிபெருக்கியில் ஏதோ சொல்கிறார்கள். நம் வண்டிதானா? சரி, மேலே இருக்கும் அந்தப் பையைச் சற்று இறக்கிக் கொடுங்கள். அதுவல்ல, அது என்னுடையது, அதையும் கொடுங்கள். இந்த நீலப் பை அவளுடையது, மாற்றுப் புடவை இதில்தான் இருக்கிறது. கால் சரியில்லை, கையைக் கொடுங்கள், பிடித்துக்கொள்கிறேன். சன்னல் இருக்கையில் நீங்களே உட்காருங்கள், இரண்டு இடமும் உங்களுக்குத்தான்.

இன்னும் ஒன்று. என்னைச் சற்றுப் பாருங்கள். தலை கலைந்திருக்கிறதா? சட்டைக் காலர் மடிந்திருக்கிறதா? வெளிப்படையாகச் சொல்லுங்கள் ஐயா, நாளெல்லாம் வெயிலில் உட்கார்ந்தவன். அந்த அம்மாள் என்னையும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார். இன்னும் மூன்று மாதம் போனால், அவர் என்னை நினைக்கும்போதெல்லாம் இந்த முகத்தைத்தான் நினைக்கப் போகிறார்.